குவாரிக்குள் ஒரு கலைக்கூடம்

ப்ராக் நகருக்குப் போகிறவர்கள் சார்லஸ் பாலத்தில் ஒரு படம், தேசிய நாடக அரங்கின் முன்னால் ஒரு படம் என்று எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பரிதாபம்தான். அந்த அரங்கைக் கட்டிய கல் எங்கிருந்து வந்தது என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? வடகிழக்கே, வயலும் காடும் சூழ்ந்த ஹொர்ஷிட்சே என்ற ஊரிலிருந்து வந்தது. கிராமத்துக்குக் கொஞ்சம் பெரியது, நகரம் என்று சொன்னால் சிரிப்பார்கள். செக் நாட்டில் ஒரே ஓர் ஊரை மட்டும் பார்க்கலாம் என்று யாராவது எனக்கு நிபந்தனை போட்டால், ப்ராகைக்கூட விட்டுவிட்டு இங்கேதான் வருவேன். மிகையாகத் தோன்றுகிறதா? போய்ப் பாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

ஊர் முழுக்க மணற்கல். வாசற்படி, கிணற்றடி, சுவர், தேவாலயம், பூங்காவில் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல ஒரு சிலை, எல்லாமே வெளிர் சாம்பலும் இளமஞ்சளும் கலந்த அதே கல். சில இடங்களில் இரும்புச் சத்து ஊறித் துருநிறக் கோடுகள் ஓடும். வெயில் சாயும் நேரத்தில் அந்தக் கோடுகளுக்கு ஒரு தேன்நிறம் வரும் பாருங்கள், கை தானாகவே தடவிப் பார்க்கப் போய்விடும். டைனோசர்கள் திரிந்த கிரட்டேசியக் காலத்தில் இங்கே கடல். அதன் அடியில் படிந்த மணல்தான் இறுகிக் கல்லானது. மணிகள் பொடிப்பொடியாக, சீராக இருப்பதால் மூக்கு நுனியையும் துணி மடிப்பையும் பிசிறில்லாமல் எடுக்கலாம். இன்னொரு வசதியும் உண்டு. வெட்டி எடுத்த புதிதில் கல்லுக்குள் ஈரம் இருக்கும், உளிக்கு இளகிக்கொடுக்கும். காற்றுப் பட்டு உலர உலரக் கெட்டிப்படும். சிற்பிக்கென்றே யோசித்துச் செய்த கல்!

ஊரை ஒட்டி கோட்ஹார்ட் என்றொரு குன்று இருக்கிறது. 1423இல், சமயச் சீர்திருத்தம் கோரிய ஹுஸைட்களின் படைத்தலைவர் யான் ஷிஷ்கா இந்தக் குன்றின் உச்சியில் வண்டிகளை அரண்போல நிறுத்திப் போரிட்டார். அதற்குள் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டிருந்தது. கனத்த கவசம் அணிந்த எதிரிகள் குதிரையை விட்டிறங்கி மேடேறி வந்து மூச்சு வாங்கி நிற்க, மேலிருந்து அடித்து விரட்டினார். அந்தச் சரிவில் நடந்தபோது எனக்கும் மூச்சு வாங்கியது, கவசம் இல்லாமலேயே. சரி, போர்க்கதையை விடுகிறேன். எனக்கு இந்தக் குன்றின் வயிற்றில் இருக்கும் கல்தான் முக்கியம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ப்ராக் நகரம் தேசிய உணர்வோடு தன்னைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. தேசிய நாடக அரங்கு, பல நூற்றாண்டுகள் அரைகுறையாக நின்ற புனித வீட்டஸ் பேராலயத்தின் மீதிப் பகுதி என்று கல்லுக்குக் கட்டுக்கடங்காத தேவை. 1890 செப்டம்பர் வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்கள் மோதி சார்லஸ் பாலத்தின் மூன்று வளைவுகள் இடிந்தபோது, பாலத்துக்கும் கல் வேண்டியிருந்தது. குவாரி உள்ள எந்த ஊராக இருந்தாலும் இந்த நேரத்தில் என்ன செய்யும்? வெட்டும், ஏற்றும், காசு பார்க்கும். கல் தீர்ந்த பிறகு பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கும், ஆட்கள் வேறு பிழைப்புத் தேடிப் போவார்கள்.

ஹொர்ஷிட்சே அப்படிச் செய்யவில்லை. 1884இல் சிற்பத்துக்கும் கல்தச்சுக்கும் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கியது! எனக்கு இந்த ஊர்மேல் பித்துப் பிடித்ததற்குக் காரணமே இந்தப் பள்ளிதான். கல்லை மட்டும் விற்காமல், கல்லைப் பேசவைக்கும் கையையும் இங்கேயே வளர்த்தார்கள். பள்ளி இன்றும் நடக்கிறது. அதன் வகையில் ஐரோப்பாவிலேயே பழமையானது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கொட்டாப்புளி பிடிக்கவும், உளியின் சாய்வு பார்க்கவும், எழுத்து வெட்டவும் பிள்ளைகள் பழகுகிறார்கள். நவீன செக் சிற்பத்தின் முன்னோடி யான் ஷ்டுர்சா சிறுவனாக வந்து படித்தது இங்கேதான். க்விடோ கோட்சியன் என்ற அபூர்வமான சிற்பி 1906இல் ஆசிரியராக வந்து, 1928இல் சாகும்வரை இந்த ஊரிலேயே இருந்துவிட்டார். தலைநகரத்து வெளிச்சம் அவருக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை என்பது என் தீராத மனக்குறை.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலைப் பார்த்துவிட்டு வாயடைத்து நின்றேன். 1892இல் தொடங்கி 1905வரை எடுத்த வேலை. ஏதோ பேரரசர் வெற்றிவாகை சூடி நுழைவதற்குக் கட்டியதுபோல இருக்கிறது. உள்ளே போகிறவர்களோ ரொட்டி சுட்டவர்களும் கல் வெட்டியவர்களும்! அந்தக் கல் வெட்டியவர்களை நினைக்காமல் இந்த அழகைப் புகழ்வது நியாயமில்லை. மணற்கல் தூசி என்பது குவார்ட்ஸ் தூசி. நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். இந்தத் தொழில் எங்கே நடந்தாலும் கல்தச்சர்களைச் சீக்கிரம் கொண்டுபோன நோய் அது. ராஜவாசல் அவர்களுக்குத் தகும்.

இங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் குக்ஸ் என்ற ஊர். அதைத் தவறவிட்டால் நான் மன்னிக்க மாட்டேன். ஷ்போர்க் என்ற பிரபுவுக்காக மத்தியாஸ் ப்ரவுன் செதுக்கிய பன்னிரண்டு நற்குணங்களும் பன்னிரண்டு தீக்குணங்களும் அங்கே பெண்ணுருவங்களாக இருக்கின்றன. சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது, தீக்குணங்கள்தான் அழகு! ஆனால் என் நெஞ்சை அள்ளியது பக்கத்துக் காட்டில் உள்ள பெத்லகேம் என்ற சிற்பத் தொகுதி. 1720களில் ப்ரவுன் அங்கே பாறையை வெட்டி எடுக்காமல், இருந்த இடத்திலேயே செதுக்கினார். கரீனோ என்ற துறவி குகையிலிருந்து விலங்குபோல நான்கு காலில் தவழ்ந்து வெளியே வருகிறார். பாசி படிந்த முதுகு, திகைத்த முகம். மரங்களுக்கு நடுவே திடீரென்று அவரைக் கண்டதும் ஓரடி பின்வாங்கிவிட்டேன். பிரபுவும் சிற்பியும் ஒரே ஆண்டில், 1738இல், இறந்தார்கள். அரை நூற்றாண்டுகூடப் போகவில்லை, பக்கத்தில் யோசெஃபோவ் கோட்டை கட்டக் கல் வேண்டும் என்று இதே காட்டில் குவாரி போட்டார்கள். செதுக்கிய பாறைகளில் பலவும் கோட்டைச் சுவருக்குள் போயின. ராணுவத்துக்குக் கல் என்றால் கல்தான், அதில் முகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

ஹொர்ஷிட்சேயில் நடந்தது இதற்கு நேர்மாறு. கோட்ஹார்ட் குன்றின் அடியில் புனித யோசேப்பின் பெயரில் ஒரு பழைய குவாரி. 1966இல் அங்கே சர்வதேசச் சிற்பக் கூடுகை தொடங்கியது. கம்யூனிச ஆட்சி, முஷ்டி உயர்த்திய தொழிலாளி சிலைதான் கலை என்று சொல்லிச் சலித்திருந்த காலம். அந்தச் சமயத்தில் பல நாட்டுச் சிற்பிகள் குவாரிக்குள் இறங்கி, ஆளுக்கொரு பாறையைத் தேர்ந்தெடுத்து, திறந்த வெளியில் தங்கள் மனம்போனபடி செதுக்கினார்கள். செதுக்கியவை ஊருக்கே. இன்றைக்குக் குன்றின் புல்வெளியில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் நிற்கின்றன. கயிறு கட்டவில்லை, கண்ணாடி போடவில்லை. குழந்தைகள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு நாய் அதன் வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறது. சில சிற்பங்கள் சுமார்தான், ஒளிப்பானேன்? ஆனால் நல்லவை இருக்கிறதே, உளித்தடம் மாறாமல், பாறையின் முரட்டுத்தனம் பாதி அப்படியே விடப்பட்டு... மதியம் முழுக்க ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்தேன்.

கூடுகை கோடையில்தான் நடக்கும், அதைக் கணக்குப் பண்ணிப் போங்கள். பக்கத்து போத்ஹோர்னி ஊயெஸ்த் கிராமத்துக் குவாரியில் இன்றும் கல் எடுக்கிறார்கள் என்பதால் கற்பாளங்களுக்குப் பஞ்சமில்லை. ஊரின் இன்னொரு புகழ் ட்ருபிச்சுகி: தாள்போல மெல்லிய வேஃபரைக் குழலாகச் சுருட்டி, வெண்ணெய் தடவி, சர்க்கரையும் கொட்டைத் தூளும் தூவியது. ரஷ்யாவில் தோற்றுத் திரும்பிய நெப்போலியனின் சமையல்காரர் சொல்லிக்கொடுத்த பக்குவம் என்று ஊரில் கதை. எனக்கு நம்பிக்கையில்லை, ஆனாலும் இரண்டாவது பெட்டியையும் பிரித்துவிட்டேன்.