பிடியரிசியும் பெயர்ப்பட்டியலும்

எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பானை இருந்தது. உலைக்கு அரிசி கழுவுவதற்கு முன் உம்மா ஒரு பிடி அள்ளி அதில் போடுவா. வெள்ளிக்கிழமை காலையில் மதரஸாப் பிள்ளைகள் சாக்கோடு வருவார்கள். பானையைக் கவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வேளைச் சோற்றுக்கு மறுபடியும் முதல் பிடியைப் போடுவா. வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி தவறியதில்லை. பிடி சிறுத்தது, அவ்வளவுதான்.

கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் பிறந்த என் வயதுக்காரர்களுக்கு இது புதினமில்லை. மதரஸாக்களும் பள்ளிவாசல்களும் இப்படித்தான் எழும்பின. ஆனால் அந்த அரிசி எத்தனை மூடை சேர்ந்தது, என்ன விலைக்குப் போனது, எதற்குச் செலவானது என்று உம்மாவிடம் யாரும் சொன்னதில்லை. உம்மாவும் கேட்டதில்லை. அவ கேட்காத அந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்க நினைக்கிறேன்.

நான் தோப்பூர்ப் பக்கத்திலிருந்து ஈச்சிலம்பற்றுக்குப் படிப்பிக்கப் போய்வருகிறவன். என் வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். கடலும் வெருகல் ஆறும் வயலுமாக இருக்கும் இந்தப் பகுதிக்கு உதவி என்ற சொல் நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டையில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினோம். ஈச்சிலம்பற்றுச் சனம் வெருகலைக் கடந்து வாகரைக்கு ஓடியது. திரும்பி வந்தபோது எல்லோர் கையிலும் ஏதோ ஒரு நிவாரண அட்டை இருந்தது. கூடாரம், வாளி, வலை, வீடு எல்லாம் வந்தன. அவற்றால் உயிர் பிழைத்தோம், மறுக்கவில்லை. ஆனால் கடலுக்குப் போகாதவனுக்கும் வள்ளம் கிடைத்த கதையைக் கரையோரத்தில் எங்கு கேட்டாலும் சொல்வார்கள். பட்டியலை எழுதியவர் வேறிடத்தில் இருந்தார். திட்டம் முடிந்ததும் பெயர்ப்பலகை மட்டும் நின்றது.

வெளியார் காசில் நடந்த இந்தப் பிழையை நாம் ஆசையாகச் சொல்லிச் சிரிக்கிறோம். நம் சொந்தக் காசில் நடப்பது வேறா?

சில வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில் ஸகாத் விநியோகம் நடந்தது. மேடை, பந்தல், புகைப்படக்காரர் எல்லாம் இருந்தார்கள். பத்துப் பதினைந்து பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் ஒரு ராத்தா தன் மெஷினை விற்றுவிட்டா. குழுவினருக்குக் கடும் கோபம். “இதுகளுக்கெல்லாம் குடுத்துப் பிரயோசனமில்ல” என்று என் முன்னாலேயே சொன்னார்கள். பிறகு அந்த ராத்தாவைக் கண்டபோது விசாரித்தேன்.

“சேர், எனக்கு மெஷின் வேணுமெண்டு நான் கேக்கல்லயே. எனக்கு என்ன வேணுமெண்டு ஆரும் என்னட்டக் கேக்கவும் இல்ல. கிழமைக்குக் கிழமை லோன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான். மெஷின வச்சி நான் என்ன செய்ய?”

அவவுக்குத் தையல் தெரியாது. நுண்கடன் இருந்தது. கட்டிவைத்தவர் விட்டுப் போய் இரண்டு வருடம். பிள்ளைச் செலவு கேட்டுக் காழி நீதிமன்றத்துக்கு நடந்து நடந்து பஸ் காசுக்கும் கடன்பட்டிருந்தா. கடனும் வழக்கும் அவவின் நோய். நாம் கொடுத்த மருந்து மெஷின்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நோய்க்கான மருந்து ஸகாத்தின் சட்டத்திலேயே இருக்கிறது. சூரத்துத் தௌபாவின் 60ஆவது வசனம் ஸகாத்துக்கு உரியவர்களை எட்டு வகையாகச் சொல்கிறது. ஃபகீர், மிஸ்கீன் என்ற முதல் இரண்டு வகைகள் நமக்கு மனப்பாடம். அடிமைத்தளையிலிருந்து விடுவித்தல் ஒரு வகை. கடனில் மூழ்கியவர்கள் ஒரு வகை. வழிப்போக்கர் ஒரு வகை. ஸகாத்தைச் சேகரித்துப் பங்கிடும் வேலையைச் செய்கிறவர்களுக்கும் அதில் பங்குண்டு. அதாவது நிர்வாகம் என்பது சம்பளத்தோடும் பொறுப்போடும் செய்யவேண்டிய வேலை என்பதும் அங்கே சொல்லப்பட்டாயிற்று. பசித்தவருக்குச் சோறு கொடுப்பதோடு அந்தப் பட்டியல் நிற்கவில்லை. கட்டப்பட்டவரை அவிழ்த்துவிடவும் சொல்கிறது. முன்னதைத் தர்மம் என்றால் பின்னதை நீதி என்றுதான் சொல்லவேண்டும். நாம் எட்டை இரண்டாகச் சுருக்கி, அந்த இரண்டையும் மெஷினாகவும் ஆட்டுக்குட்டியாகவும் உலர்உணவுப் பொதியாகவும் சுருக்கிவிட்டோம்.

இந்தச் சுருக்கத்துக்கு நம் இலக்கியமும் ஒரு காரணம் என்று தமிழ் படித்தவன் என்ற முறையில் நினைக்கிறேன். பழந்தமிழில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. பரிசில் பெற்று வருகிறவன், பெறாதவனுக்கு வள்ளலின் வழியைக் காட்டுவான். பேசுகிறவன் வறியவன்தான், ஆனால் அவன் பேச்செல்லாம் வள்ளலின் புகழ். நம் முஸ்லிம் தமிழ் மரபும் அதே வழியில் நடந்தது. உமறுப்புலவரை ஆதரித்த கீழக்கரைச் சீதக்காதி செத்தும் கொடுத்தார் என்பது ஊர்வழக்கு. சீறாப்புராணம் தொடர உதவிய பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரைப் புலவர் காப்பியத்துக்குள்ளேயே வைத்துப் பாராட்டினார். நன்றி மறவாமை நல்ல குணம். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இன்றைக்கும் நோன்பு காலத்துச் சிறப்பிதழ்க் கதைகளைப் பாருங்கள். ஹாஜியார் கொடுக்கிறார், கைம்பெண் கண்ணீரோடு வாங்குகிறாள், கதை முடிகிறது. வாங்கியவள் “இது எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டியது இது” என்று வாய் திறக்கும் கதையை நான் அரிதாகத்தான் வாசித்திருக்கிறேன். எழுத்தில் வாயில்லாதவளுக்கு நிர்வாகக் கூட்டத்தில் மட்டும் எப்படிக் கதிரை கிடைக்கும்?

இதற்கு மாற்றைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. இலங்கைக் கிராமங்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத ஊர் குறைவு. என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர் தன் ஊர்ச் சங்கத்தில் இருக்கிறார். மாதச் சந்தா சின்னத் தொகை. சாவு விழுந்தால் பந்தலும் கதிரையும் காசும் வீட்டுக்கு வரும். “ஆரும் தாறதுமில்ல, ஆரும் வாங்கிறதுமில்ல சேர். அது எங்கட உரித்து” என்றார். கூட்டத்தில் கணக்கு வாசிப்பார்கள்; பிழையென்றால் ஏச்சு விழும். அங்கே கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே ஆட்கள் என்பதால் கை தாழ்வதில்லை. ஸகாத் அப்படிப்பட்ட சந்தா அல்ல, அது இபாதத் என்பது உண்மை. ஆனால் செல்வத்தில் ஏழைக்கு உள்ளது உரிமை என்பது நம் மார்க்கத்தின் பேச்சுத்தான். மரண உதவிச் சங்கத்தில் உரித்து என்று உணரப்படுவது, ஸகாத் பந்தலில் ஏன் பிச்சையாக உணரப்படுகிறது?

வெளியிலும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். 1974இல் அமெரிக்காவின் பொஸ்டனில் ஹேமார்க்கெட் மக்கள் நிதியம் தொடங்கியது. குடும்பச் சொத்துக் கிடைத்த சில இளைஞர்கள் காசைப் போட்டார்கள். யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை அந்தந்த இடத்துச் சமூகச் செயற்பாட்டாளர்களிடம் விட்டார்கள். காசு போட்டவன் கை எடுத்துக்கொண்டான் என்பதுதான் அதில் விசேடம். இன்னொரு சம்பவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. வெள்ளையரல்லாத பெண்களின் ‘இன்சைட்’ என்ற அமைப்புக்கு 2004இல் ஃபோர்ட் பவுண்டேசன் மானியம் தருவதாகச் சொல்லிவிட்டு, அவர்கள் பலஸ்தீன விடுதலையை ஆதரித்ததைக் கண்டதும் திருப்பி எடுத்தது. அந்தப் பெண்கள் தங்கள் ஆட்களிடமே சிறுகச் சிறுகச் சேர்த்து வேலையைத் தொடர்ந்தார்கள். 2007இல் மானியக் காசையும் போராட்டத்தையும் பற்றி ஒரு தொகுப்பு நூலையும் கொண்டுவந்தார்கள். பெரிய இடத்துக் காசு நாக்கைக் கட்டும்; பிடியரிசி கட்டாது.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டையைச் சொல்லாமல் விடமுடியாது. தாவூத் ஷரீபா கானம் தொடங்கிய ஸ்டெப்ஸ் அமைப்பின் வழியாக முஸ்லிம் பெண்கள் தங்களுக்கென ஒரு ஜமாஅத்தை உருவாக்கினார்கள். தீபா தன்ராஜ் 2011இல் அதைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். தலாக், சீதனம், அடி உதை என்று வருகிற வழக்குகளை, ஆண்கள் மட்டும் இருக்கும் ஜமாஅத்தில் வாய் திறக்கமுடியாத பெண்கள் அங்கே பேசினார்கள். அவர்களுடைய எல்லா நிலைப்பாட்டையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவள் முடிவெடுக்கும் பாயில் உட்கார்ந்தால் முதலில் பேசப்படுவது மெஷினல்ல, வழக்கு என்பதை அது காட்டியது. நம் நாட்டிலும் அப்படித்தான். 2018இல் அரசு வரட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனுக்கு நிவாரணம் அறிவித்தது. அதோடு பிரச்சினை தீரவில்லை. 2021 மார்ச் 8ஆம் தேதி ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்களே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இனி, எனக்கெதிராகச் சொல்லக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். “ஊரே முடிவெடுக்கட்டும்” என்பது கேட்க நல்லாயிருக்கும். ஊர் என்றால் யார்? கிழக்கின் பல ஊர்களில் குடிக்கொரு மரைக்காயர் பள்ளி நிர்வாகத்தில் இருப்பார். அதுவும் ஒரு மக்கள் பிரதிநிதித்துவம்தான். கொழும்பிலிருந்து யாரும் நியமித்ததல்ல. ஆனால் அதில் பெண் இல்லை, குடியில்லாமல் வந்து குடியேறியவன் இல்லை. ஊர்க்காசு ஊர்ப்பெரிய வீட்டின் காசாக மாறுவதற்கு நேரம் எடுக்காது. வெளியாரின் பட்டியலில் முகம் தெரியாத அநீதி நடக்கும். நம்மவர் பட்டியலில் முகம் தெரிந்த அநீதி நடக்கும். இரண்டாவதைத் தட்டிக்கேட்பது இன்னும் கஷ்டம், ஏனென்றால் நாளைக்கு அவர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகவேண்டும்.

மார்க்கப் பற்றுள்ள நண்பர்கள் இன்னொன்று கேட்பார்கள்: ஸகாத்தைப் பங்கிடுவது உலமாக்களின் வேலை அல்லவா? வகைகளை விளக்குவது அவர்கள் வேலை, சந்தேகமில்லை. ஆனால் எந்த வீட்டில் கடன், எந்த வீட்டில் வழக்கு என்பது கிதாபில் இல்லை, அந்த வீட்டுப் பெண்ணின் வாயில் இருக்கிறது. ஸகாத்தில் தயக்கம் இருந்தால் ஸதகாவில் தொடங்கலாம். அதற்கு அந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. அது மதத்தையும் பார்ப்பதில்லை. முதிய யூதர் ஒருவர் வாசலில் யாசித்து நின்றதைக் கண்ட உமர் (ரலி), பைத்துல்மாலிலிருந்து அவருக்கு வழிசெய்த வரலாற்றை இமாம் அபூயூசுப் பதிந்திருக்கிறார். நான் படிப்பிக்கும் ஈச்சிலம்பற்றுப் பிள்ளையின் தாய்க்கும் அதே லோன்காரன்தான் வருகிறான்.

பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. மூன்று காரியம் போதும். ஸகாத், ஸதகாக் கணக்கை வருடத்துக்கு ஒருமுறை பெண்களும் கேட்கும்படி வாசியுங்கள். வாங்கியவர் பெயரைச் சொல்லவேண்டாம், தலைப்பையும் தொகையையும் சொல்லுங்கள். முன்பு உதவி பெற்ற பெண்கள் இரண்டு பேரையாவது முடிவெடுக்கும் இடத்தில் இருத்துங்கள், மேடைக்கல்ல, கூட்டத்துக்கு. பட்டியலில் புதிதாக ஒரு தலைப்பைச் சேருங்கள்: கடன் மீட்பும் வழக்குச் செலவும். காழி நீதிமன்றத்துக்குப் போய்வரும் பஸ் காசு, பிறப்புச் சான்றிதழ் எடுக்கும் செலவு, கடன் பத்திரத்தை வாசித்து விளங்கப்படுத்தும் ஒரு சட்டத்தரணியின் கட்டணம். ஒரு தையல் மெஷினின் விலையில் பல பெண்கள் பல தவணைக்குப் போய்வரலாம்.

என் உம்மா மவுத்தாகி ஆறு வருடமாகிறது. மனைவி இப்போது அரிசிக்குப் பதிலாக ஒரு டப்பாவில் சில்லறை போடுகிறா. போன நோன்பில் டப்பா நிறைந்தபோது, “இத ஆரிட்டக் குடுக்கிற?” என்று கேட்டா. நான் பழக்கத்தில் பள்ளி நிர்வாகத்தின் பெயரைச் சொன்னேன். “அவங்க என்ன செய்வாங்க?” என்றா.

உம்மா கேட்காத கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் அஸருக்குப் பிறகு நிர்வாகத்தில் ஒருவரிடம் போய் அதை அப்படியே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை; கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லையே சேர்” என்றார். கேளுங்கள்.