கச்சான் காற்றில் ஓர் இறக்கை

இராமநாதபுரம் கரைக்குக் கடல் இரண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் இங்குள்ள மீனவர்கள் சொல்வார்கள். ஆனால் பெண்கடல் என்ற பெயரை நம்பி எந்த மாதமும் இறங்கிவிட முடியாது. காற்று திரும்பினால் குணமும் திரும்பிவிடும். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் மன்னார்ப் பக்கம் கொந்தளிக்கும். அதே காற்று தரையைத் தாண்டி வடகரைக்கு வந்து சேரும்போது, அலை எழுப்ப அதற்கு நீளமான தண்ணீர்ப் பரப்பு கிடைக்காது. வேகம் இருக்கும், அலை இருக்காது. மார்கழி, தை மாதங்களில் வாடை பிடித்தால் எல்லாம் தலைகீழ். பாக் பக்கம் கலங்கும், தென்பக்கம் படிந்து கிடக்கும்.

பலமான காற்றும் தட்டையான தண்ணீரும் ஒரே இடத்தில் கூடி வருவது அபூர்வம். இந்தக் கரையில் ஆண்டுக்கு இரண்டு பருவம் அது கூடுகிறது. காற்றுக்குத் தக்கபடி கரையை மாற்றிக்கொள்ளத் தெரிந்தால் போதும். உச்சிப்புளியை அடுத்த பிரப்பன்வலசையில் குவெஸ்ட் என்ற பயிற்சிப் பள்ளி, பட்டத்தின் இழுவையில் பலகைமேல் நின்று கடலில் ஓடும் கைட் சர்ஃபிங்கைக் கற்றுத்தருவதும், வெளியூர்களிலிருந்து ஆட்கள் கைட்டும் பலகையுமாக வந்து இறங்குவதும் இதனால்தான். கரையோரம் வெகுதூரம் வரை நின்றே நடக்கும் ஆழம்தான் என்பது கற்பவர்களுக்கு இன்னொரு வசதி.

கைட் சர்ஃபிங்கைச் சாகசம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. இது ஒரு கலை. பறப்பதைப் பற்றிய கலைகளில் இதற்குத் தனி இடம் உண்டு. அதைச் சொல்ல, இதன் உறவுக்காரர்களைக் கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும்.

துணியைத் தைத்து உடம்பில் கட்டிக்கொண்டு பறக்கும் ஆசை பழையது. அந்த ஆசை பல உயிர்களைக் குடித்திருக்கிறது. வௌவால் இறக்கை போன்ற உடையோடு விமானத்திலிருந்து குதித்துக் காட்டிய அமெரிக்கர் கிளெம் சோன் 1937இல் பிரான்சில் இறந்தார். மர இறக்கையோடு குதித்த லியோ வாலண்டின் 1956இல் லிவர்பூலில் இறந்தார். இன்றைய விங்சூட்டுக்கு வடிவம் கொடுத்த பத்ரிக் து கயார்தோன் 1998இல் ஹவாயில் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு பின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோவேஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் சேர்ந்து, பயிற்சி பெற்ற எவரும் வாங்கி அணியக்கூடிய விங்சூட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இரு கைகளுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு இறக்கை, கால்களுக்கு நடுவே ஒன்று. முன்னாலுள்ள வாய்கள் வழியே காற்று புகுந்து துணி உப்பி விறைக்கும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் இரண்டு, இரண்டரை மீட்டர் முன்னால் போகலாம். ஆனால் எவ்வளவு தேர்ந்தவரானாலும் விங்சூட்டில் போவது இறக்கம்தான். கடைசியில் பாராசூட்டை விரித்தே தரையைத் தொட வேண்டும்.

காற்றே புகுந்து உப்பவைக்கும் துணி இறக்கை என்ற யோசனை ஒரு பட்டக்காரருடையது. 1964இல் டொமினா ஜால்பெர்ட் செய்த பாராஃபாயில் பட்டம்தான் இன்றைய செவ்வகப் பாராசூட்டுக்கும் பாராகிளைடருக்கும் முன்னோடி. கடலுக்கான கைட் வேறு வழியில் வந்தது. பிரான்சின் பிரிட்டனி கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெனியு சகோதரர்கள் 1984இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். பம்ப்பால் காற்றடித்த குழாய்களை எலும்பாக வைத்து அதன்மேல் துணியைப் போர்த்தியதுதான் அவர்கள் செய்தது. தண்ணீரில் விழுந்தால் மூழ்காது. விழுந்த இடத்திலிருந்தே மறுபடி எழுப்பலாம். கடலில் பட்டம் கட்டிப் போவது அதன்பிறகுதான் நடக்கிற காரியமாயிற்று.

விங்சூட்டுக்கு ஒரு மலை வேண்டும், அல்லது விமானம் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையில் மலை ஏது? பனையும் உடைமரமும்தான் உயரம். இங்கே பறக்க நினைப்பவன் கடல் மட்டத்திலிருந்துதான் எழும்ப வேண்டும். அந்த எழும்பலை நமக்குக் காட்டுவது கைட்.

இனி, எப்படிப் பார்ப்பது என்பது.

கரையில் நிற்கும் பலர் அண்ணாந்து வண்ணத் துணியைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கைகளை. கைட்டிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் நீளும் நான்கு கயிறுகள் ஒரு கைக்கம்பியில் வந்து முடிகின்றன. இழுவை முழுவதையும் இடுப்பில் கட்டிய ஹார்னஸ் கொக்கி தாங்கிக்கொள்கிறது. கம்பியை உடம்பை நோக்கி இழுத்தால் துணி காற்றுக்குக் கூடுதலாக முகம் கொடுத்து வலுக்கூடும். தள்ளினால் வலு குறையும். இவ்வளவுதான் கருவி. புதியவர் பயத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குவார். பயத்தில் இழுக்க இழுக்க வலு கூடும், வலு கூடக்கூடப் பயமும் கூடும். தேர்ந்தவரின் விரல்கள் கம்பியின்மேல் சும்மா கிடக்கும். அவர் இடுப்பால் ஓட்டுகிறார்.

இரண்டாவது, பலகைக்குப் பின்னால் விழும் கோட்டைப் பாருங்கள். பலகையின் ஓரம் தண்ணீரை வெட்டிக்கொண்டு போனால் வெள்ளைக் கோடு மெலிதாக, நேராக விழும். ஓரம் பிடிக்கத் தெரியாதவர் பின்னால் தண்ணீர் அகலமாகச் சிதறும், அவரும் காற்றோடு கீழே கீழே நழுவிப் போவார். எந்த இடத்தில் கிளம்பினாரோ அதே இடத்துக்குத் திரும்பி வந்து சேர்வது இந்தக் கலையின் முதல் தேர்ச்சி. காற்றுக்கு எதிராகச் சரிவாக ஏறி வரத் தெரியாதவர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையோரம் நடந்து வருவார்.

மூன்றாவது, காதைக் கொடுங்கள். சரியாகக் கட்டுப்பாட்டில் இருக்கும் துணி படபடக்காது, ஒரே சுருதியில் ரீங்கரிக்கும்.

இப்போது தாவலுக்கு வருவோம். காற்று போகும் திசையில் நேர் எதிரே, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே கைட் போனால் இழுவை பயங்கரம். தலைக்கு நேர் மேலே நின்றால் இழுவை குறைவு, ஆனால் இழுப்பதெல்லாம் மேல்நோக்கி. தாவப் போகிறவர் வேகமெடுத்து, பலகையின் ஓரத்தை அழுத்தி, கயிறுகளை முறுக்கேற்றுகிறார். பிறகு கைட்டை முன்னாலிருந்து உச்சிக்கு வீசித் திருப்புகிறார். அது உச்சியைத் தொடும் கணத்தில் கம்பியை இழுத்து, அதுவரை அழுத்திவந்த ஓரத்தை விடுகிறார். கயிற்றில் தேங்கிய வலு அவரைத் தூக்குகிறது. துணி ஓடும்போது அதன் ஓட்டமே கூடுதல் காற்றை உண்டாக்குகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்கு. கைட் சும்மா நின்றால் கிடைக்காத உயரம், அதை வீசினால் கிடைப்பதன் இரகசியம் இதுதான்.

ஏறி முடித்து, இறங்கத் தொடங்காத அந்த இடைவெளியை நான் எல்லாவற்றுக்கும் மேலாக ரசிக்கிறேன். சங்கீதத்தில் கார்வை என்பார்களே, அது. சிலர் அந்த நேரத்தில் காலை உதைத்து வீணாக்குவார்கள். நல்லவர் முழங்காலை மடக்கி, உடம்பைக் குறுக்கி, கைட்டை மட்டும் கவனித்துக்கொண்டு சும்மா இருப்பார்.

இறங்குவதில்தான் முழுத் தேர்ச்சியும் தெரியும். கைட் உச்சியிலேயே நின்றுவிட்டால் மனிதர் தொப்பென்று விழுவார். இறங்குவதற்குச் சற்று முன்பே கைட்டைப் போகும் திசைக்கு முன்னால் பாய்ச்ச வேண்டும். விழும் வேகத்தை அது ஓடும் வேகமாக மாற்றித்தரும். பலகையின் வால் முதலில் தண்ணீரைத் தொட்டு, தெறிப்பே இல்லாமல் ஓட்டம் தொடர்ந்தால், ஒரு சபாஷ் போடலாம்.

மரபை மீறிய சோதனைகளும் உண்டு. அவற்றுக்கு மதிப்பெண் போடுவதில் நான் கொஞ்சம் கறார். உயரத்தில் இருக்கும்போதே கைட்டை ஒரு முழு வட்டம் சுழற்றுவது கைட்லூப். இழுவை பக்கவாட்டில் பிடுங்கிக்கொண்டு போகும். துணிச்சலுக்கு மரியாதை கொடுக்கலாம், அழகு எப்போதாவதுதான் வாய்க்கும். ஹார்னஸ் கொக்கியைக் கழற்றிவிட்டு, காற்றில் திரும்பியபடியே கம்பியை முதுகுக்குப் பின்னால் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது ஹேண்டில் பாஸ். இது சரியாக அமைந்தால், எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. பலகையின் அடியில் தண்டு வைத்து, தண்ணீருக்குள் ஓடும் சிறு இறக்கை ஒன்றைப் பொருத்துவது ஃபாயில். பலகை தண்ணீரை விட்டு எழுந்து, சத்தமில்லாமல் மிதந்து போகும். மேலே காற்றில் ஓர் இறக்கை, கீழே தண்ணீரில் ஓர் இறக்கை, நடுவே ஆள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் முதல் முறையாக நடந்த கைட் பந்தயம் இந்த ஃபாயில் வகைதான். சிங்கப்பூரின் மாக்ஸ் மேடர் 17 வயதில் அதில் வெண்கலம் வாங்கினார். கயிறே இல்லாமல் இறக்கையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஃபாயிலில் போகும் விங் ஃபாயிலிங் இப்போதைய புதுமை. கைட்டில் இருக்கும் அந்த நீண்ட கயிற்றின் உரையாடல் அதில் இல்லை என்பது என் குறை.

பலகையில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி எத்தனை மீட்டர் எழும்பினோம் என்று அளப்பதும் வந்துவிட்டது. உலகின் முன்னணி ஆட்கள் 30 மீட்டரையும் தாண்டிவிட்டார்கள். விங்சூட்டிலும் இதே கதை. அங்கே போட்டியாளரின் நேரம், தூரம், வேகம் மூன்றையும் ஜிபிஎஸ் அளக்கிறது. ஆனால் அந்த உலகில் என்னைக் கவர்வது அளக்க முடியாத ஒரு சோதனை: விங்சூட் அணிந்து விரைபவரும், சின்னஞ்சிறு பாராசூட்டை விரித்து விரைபவரும் வேகத்தைச் சமன் செய்து, காற்றிலேயே கை தொட்டுக்கொள்வது. வெவ்வேறு குணமுள்ள இரு துணிகளை ஒரே இறக்க வேகத்துக்குக் கொண்டுவரும் காது அதற்கு வேண்டும். எண் பெரிதாவதில் ரசனை வளராது. மூன்று மீட்டர் எழும்பி ஓசையின்றி இறங்குபவரை, பத்து மீட்டர் எழும்பித் தடுமாறி விழுபவருக்கு மேலே வைப்பேன்.

இந்த அளவுகோல் இந்தக் கரைக்குப் புதிதல்ல. தொண்டி, நம்புதாளைப் பக்கம் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது கரையில் கூடி நிற்பவர்களைக் கவனியுங்கள். எந்தப் படகு முதலில் வருகிறது என்பதோடு, எவன் பாயை எப்படித் திருப்பினான் என்றும் பேசுவார்கள். பாக் நீரிணைப் பக்கத்து வத்தை என்னும் பாய்மரப் படகுகளில் குறுக்கே ஒரு பலகையை நீட்டி, பாய் சாய்க்கும் பக்கத்துக்கு எதிரே அதன்மேல் ஆள் ஏறி நின்று சமன்செய்யும் முறையை, படகுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் நூறாண்டுக்கு முன்பே விவரித்திருக்கிறார். கைட் ஓட்டுபவர் பலகையின் ஓரத்தில் சாய்ந்து செய்வதும் அதே கணக்குத்தான்.

காற்றை எண்ணாகவும் இந்த ஊர் அறியும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைத்ததில்லை. அந்தக் காற்றில் தேர்ந்த கைட்காரரே மிகச் சிறிய துணிக்கு மாறுவார், அல்லது கரையில் உட்கார்ந்துவிடுவார். பறத்தலின் பாடமும் இங்கே பழையதுதான். இராமேஸ்வரத்தில் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் விளக்கிவிட்டு, மாணவர்களைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார். அந்த வகுப்பில் இருந்த சிறுவன் அப்துல் கலாம் பிற்காலத்தில் இதை மேடைதோறும் நினைவுகூர்ந்தார்.

ஆகவே இது யாரோ கொண்டுவந்த வெளியூர் விளையாட்டு என்று ஒதுங்க வேண்டியதில்லை. பாய் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் பாதிப் பாடம் பிறப்பிலேயே உண்டு. அவர்கள் கையில் கம்பி போய்ச்சேர்ந்தால் இந்தக் கரையிலிருந்து நல்ல கலைஞர்கள் வருவார்கள் என்பது என் தீர்மானம். கற்றுத்தருபவர்களும் அரசும் அதற்கு வழி செய்யட்டும்.

பார்க்க விரும்புபவர்களுக்கு: ஆனி, ஆடியில் வடகரைக்கு வாருங்கள், தை மாதத்தில் தென்பக்கம் போங்கள். கைட்டுக்குக் காற்றுக்கீழ்ப் பக்கம் நிற்காதீர்கள், விறைத்த கயிறு கத்தி மாதிரி அறுக்கும். வலை விரித்திருக்கும் இடத்தில் இறங்காதீர்கள். கற்க ஆசைப்பட்டால், மீட்புப் படகு வைத்திருக்கும் பள்ளியில் மட்டும் சேருங்கள். கச்சான் வடகரையில் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று, தவறி விழுந்தவரை அது உள்ளேதான் கொண்டுபோகும்.