கூத்தாண்டவர் விழாவும் ‘மரபுக்குரிய சமூகம்’ என்னும் சிக்கலும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகம், சித்திரை மாதக் கூத்தாண்டவர் விழாவால் அறியப்படும் ஊர். விழா 18 நாள் நடைபெறுகிறது. ஆயினும் அதைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஓர் இரவையும் ஒரு காலையையும் மட்டுமே காண்கின்றன: திருநங்கையர் அரவானை மணந்து தாலி ஏற்கும் இரவு, தேர் பந்தலடியை அடைந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தும் காலை. எஞ்சிய நாள்கள் ‘கிராமத் திருவிழா’ என்ற ஒற்றைத் தொடருக்குள் அடங்கிவிடுகின்றன. இச்சுருக்கம் கவனக்குறைவால் மட்டும் நேர்ந்ததன்று. மரபுக்கு உரியவர் யார் என்பதைப் பற்றிய ஒரு முடிவு அதனுள் மறைந்திருக்கிறது.

வியாச பாரதத்தில் உலூபியின் மகனாகிய இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் கொல்லப்படுகிறான். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரதவெண்பாவிலோ அவன் போருக்கு முன்பே காளிக்குக் களப்பலியாகிறான். வில்லிபாரதமும் களப்பலியைக் கூறுகிறது. ஆனால் கண்ணன் மோகினியாகி அரவானை மணந்த செய்தி இவற்றுள் எதிலும் இல்லை. கூவாகத்தின் மையமான திருமணத்துக்குக் காப்பிய ஆதாரம் தேடுவோர் இவ்விடத்தில் வெறுங்கையுடன் திரும்ப நேரும். அதற்குப் பனுவல் சடங்கே. ஆகவே சடங்கின் உறுப்புகளுள் ஒன்றைப் பதிவிலிருந்து விடுவது சுவடியில் ஏடொன்றைக் கிழித்தெடுப்பதற்கு ஒப்பாகும்.

அவ்வாறு விடுபடும் ஏடு, அரவானின் உடல். மரம், வைக்கோல், மாலை ஆகியவற்றாலான அவ்வுடலின் உறுப்புகள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வந்து சேர்கின்றன; உடல் எழுந்த பின்னரே பலி நிகழ இயலும். ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1995இல் வெளியிட்ட கட்டுரை இவ்வுடலாக்கத்தையும் திருநங்கையரின் உடல் மாற்றத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்து வாசித்தது. அவ்வாசிப்பு கூர்மையானது. எனினும் குறியீட்டு ஒப்புமையில் அது காட்டும் ஈடுபாட்டில், உறுப்புகளைக் கொண்டுவரும் உரிமையும் கடமையும் ஊர்களுக்கிடையே எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்ற எளிய வினா பின்னுக்குச் செல்கிறது. வேண்டுதலுக்காக ஊர் ஆண்களும் தாலி கட்டிக்கொள்வர் என்பதும் பொதுப்பேச்சில் அரிதாகவே இடம்பெறுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. விழாவை ஊராரின் மரபு என்று மட்டும் வரையறுத்து, திருநங்கையரை வந்துபோகும் விருந்தினராகக் கொள்வதும் பிழையே. அரவானின் பெயரிலிருந்தே ‘அரவாணி’ என்னும் பொதுப்பெயர் உருவானது. 2008இல் தமிழக அரசு நிறுவிய நல வாரியமும் அப்பெயரைத்தான் தாங்கியிருந்தது. ‘திருநங்கை’ என்பது பின்னர் வழக்கில் நிலைபெற்றது. ஒரு சமூகத்துக்குப் பொதுவெளியில் பெயர் தந்த சடங்கில் அச்சமூகத்தைப் பார்வையாளராக நிறுத்த முடியாது.

யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 2005இல் ஏற்றது. சமூகங்களும் குழுக்களும், சில நேர்வுகளில் தனிநபர்களும், தம் மரபென ஏற்பதையே அது தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபாகக் கொள்கிறது. 2009இல் பட்டியலில் இடம்பெற்ற உத்தரகண்டின் ‘ரம்மாண்’ விழாவில் சலூர்-டுங்ரா ஊர்களின் சாதிகளுக்கும் குடும்பங்களுக்கும் தனித்தனிப் பொறுப்புகள் உள்ளன. பதிவு அவற்றைச் சுட்டுகிறது. கூவாகத்தின் ஊர்ப் பங்கீட்டைப் பதிவதற்கு அது நல்ல முன்மாதிரி. ஆயின் அங்குப் பொறுப்பேற்போர் அனைவரும் அவ்வூர்களிலேயே வாழ்வோர். கூவாகத்திலோ ஒரு தரப்பு ஊரோடு பிணைந்தது. மற்றொன்று மும்பை, தில்லி முதலிய தொலைநகரங்களிலிருந்தும் ஓரிரு நாள் வந்து கூடுவது. தாலியைக் கட்டும் பூசாரி முதல் தரப்பினர்; அதை ஏற்போருள் பெரும்பாலோர் இரண்டாம் தரப்பினர். பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் விழா தடைப்பட்டபோது இரு தரப்பினரும் இழந்தவை ஒன்றல்ல. யுனெஸ்கோவின் பரிந்துரைப் படிவம் தொடர்புடைய சமூகத்தின் பெயரையும், முன்கூட்டியே முழுத் தகவலறிந்து அச்சமூகம் தந்த ஒப்புதலையும் கேட்கிறது. ஊர்களுக்காகக் கையெழுத்திட ஊர்ப் பெரியவர்களும் கோயில் பொறுப்பாளர்களும் உள்ளனர். ஓரிரவு மணந்து மறுநாள் தாலி அறுத்துத் திரும்புவோரின் ஒப்புதலை எங்கே, எந்நாளில், யாரிடம் பெறுவது என்பதற்குப் படிவத்தில் வழியில்லை.