விலங்கும் தியானமும்

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஏறத்தாழ ஆயிரம் படி இறங்க வேண்டும். அந்தப் பக்கத்துக் குகைகளில் கோரக்கர் முதலான சித்தர்கள் தவம் செய்தார்கள் என்பது ஊர் நம்பிக்கை. திரும்பி ஏறும்போது பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டேன். பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த கிழவரிடம், "பெரியவரே, இந்தக் குகைகளுக்கு இப்போதும் யாராவது தியானம் செய்ய வருகிறார்களா?" என்று கேட்டேன்.

"வருவாங்க சாமி. உக்காருவாங்க. மனசு ஒப்பலேன்னா எழுந்து போயிடுவாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முந்தின வாரம்தான் எழுந்து போக முடியாதவர்களின் தியானத்தைப் பற்றிய ஒரு படத்தைப் பார்த்திருந்தேன். 'டூயிங் டைம், டூயிங் விபஸ்ஸனா' என்று பெயர். அயலெட் மெனஹெமி, இலோனா ஏரியல் என்ற இரண்டு இஸ்ரேலியப் பெண்கள் 1997-ல் எடுத்தது. 52 நிமிஷம் ஓடுகிறது. கிரண் பேடி தில்லிச் சிறைகளின் தலைவராக இருந்தபோது, திகார் சிறையில் கோயங்காவின் விபஸ்ஸனா வகுப்புகள் நடந்த கதை. 1994 ஏப்ரலில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள். பத்து நாள் பேச்சு கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, முதலில் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு உடம்பின் உணர்ச்சிகளை.

நான் சந்தேகத்தோடுதான் பார்க்க உட்கார்ந்தேன். சத்தம் போடாத கைதி யாருக்கு லாபம்? சிறை அதிகாரிக்குத்தானே! பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். தில்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் மகிழ்ச்சிப் பாடம் என்று தொடங்கி, பிள்ளைகளைக் கண்மூடி உட்காரச் சொன்னார்கள். அமைதியான வகுப்பு வாத்தியாருக்கும் சௌகரியம்தான்.

ஆனால் படம் என் சந்தேகத்தைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. திகாரில் காவலர்களும் அதிகாரிகளும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து நாள் முடிந்ததும் கைதிகள் அதிகாரியைக் கட்டிக்கொண்டு விம்முகிறார்கள். காமிராவுக்காக அழுகிற அழுகை எப்படி இருக்கும் என்பது சினிமா பார்த்துப் பழகிய நமக்குத் தெரியாதா? இது அதுவல்ல. பின்னணிக் குரல் வாயை மூடிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் படம் உயர்ந்துவிடுகிறது.

இதற்கும் முன்னால், 1975-ல், ஜெய்ப்பூர் மத்திய சிறையில் நடந்ததுதான் சிறைக்குள் முதல் வகுப்பு. கைதிகளை விலங்கோடு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கக் கோயங்கா சம்மதிக்கவில்லை. பர்மாவில் பிறந்து வியாபாரம் செய்த மனிதர். எதை முதலில் கழற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

என் குறையும் அங்கேதான் பிறக்கிறது. அந்நாளில் திகாரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவர்களே அல்லர். கொலை செய்தவன் தன் கோபத்தைக் கவனிப்பது நியாயம். குற்றம் ருசுவாகாமல் வருஷக்கணக்கில் வாய்தாவுக்குக் காத்திருக்கிறவன் தன் கோபத்தை என்ன செய்வான்? அதையும் வெறும் உணர்ச்சி என்று பார்த்து விட்டுவிட வேண்டுமா? கோர்ட்டின் தாமதம் இந்தப் படத்தின் விஷயமல்ல என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் அப்படி ஒருவனைக் காமிராவுக்கு எதிரே உட்காரவைத்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அவன் சொல்லியிருக்கக்கூடிய பதிலுக்காகவே இந்தப் படத்தை நான் மறுபடியும் பார்த்திருப்பேன்.

இப்போதும் பார்ப்பேன், அந்த அழுகைக்காக.