அவையும் பாடலும்

அவையோர் உவக்கப் பாடுதல் கலைக்கு இழுக்கு என்பாரும் உளர். அர்ஜென்டினாவின் நாட்டுப்புற இசைப் பாடகி மெர்சிடிஸ் சோசாவின் (1935–2009) மேடைப் பதிவொன்று இக்கருத்தை மறுக்கின்றது. லா பிளாட்டா நகர் மேடையிலேயே அவர் சிறைப்பட்டார். கேட்க வந்தோரும் உடன் பிடிக்கப்பட்டனர். பின்னர்ப் பாரிசிலும் மாட்ரிடிலும் வாழ்ந்த அவர், இராணுவ ஆட்சி நீங்குமுன்னரே, 1982 பிப்ரவரியில், தாயகம் மீண்டு புவனோஸ் அயர்ஸ் ஓபெரா அரங்கில் பாடினார். அதுவே இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. அதன்கண் எழும் கையொலி வெறும் பாராட்டன்று. அச்சத்தை மீறியோர் அளித்த மறுமொழியாம். ராக் இசைஞர் சார்லி கார்சியாவை மேடையேற்றியமை இளைஞரை ஈர்க்கும் உத்தி எனலாம். எனினும், அதனால் இருவேறு இசை மரபினர் ஓரவையாயினர். பெரும்பாலும் பிறர் இயற்றிய பாடல்களையே பாடியவர் அவர். ஆதலின், இத்தகு பதிவை ஆராய்வோர் குரலை மட்டும் அளத்தல் போதாது. அவையையும் பாடலின் உறுப்பாகக் கொள்ளல் வேண்டும்.