கடைசி ஆள் இறங்கும்வரை

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் படகுப் பாதையை, கடைசி ஆள் இறங்காமல் யாரும் ஓரங்கட்டுவதில்லை. லினக்ஸ் கர்னலும் அப்படித்தான். திறந்த கோப்புக்கு ஓர் எண்ணி. ஃபோர்க்கில் பிள்ளைப் புரோசஸ் பிறந்தால் ஒன்று கூடும், ஒருவர் மூடினால் ஒன்று குறையும், பூச்சியமானால்தான் நினைவகம் விடுபடும். யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதேயில்லை. எத்தனை பேர் என்பது போதும். அந்தச் சிக்கனம்தான் எனக்குப் பிடித்தது.

கணக்குத் தப்பினால் பொல்லாதது. 2016 ஜனவரியில் வெளிவந்த கர்னல் ஓட்டையில், ஒரு புரோசஸ் தன்னிடமுள்ள கீரிங்கையே (சாவிகளை வைக்கும் கொத்தையே) திரும்பக் கேட்டால் எண்ணி கூடும், குறையாது. 32 பிட் எண்ணி அல்லவா, சுமார் 429 கோடி தடவையில் சுற்றிப் பூச்சியத்துக்கு வந்துவிடும். கையில் இருக்கும்போதே கர்னல் அதை விடுவித்துவிடும். 2017இல், 4.11 பதிப்போடு வந்த ரெஃப்கவுண்ட் என்ற எண்ணி வகை சுற்றாது, உச்சத்தில் உறைந்து நிற்கும். கொஞ்சம் நினைவகம் வீணாகும். ஆகட்டுமே.