40 கிலோபைற் உலகம்

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாமல் வளர்ந்த தலைமுறைக்கு ‘ரீவி கேம்’ வெறும் கேள்விப்பட்ட பொருள். யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவை விட்டுச் சுவிஸுக்கும் கனடாவுக்கும் போன பிள்ளைகளுக்கோ அது வீட்டில் கிடந்த சாமான். அந்தப் பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கையடக்கமான பெட்டியொன்றைக் கொண்டுவந்து ரீவியில் கொழுவுகிறார்கள். கசற் வேண்டாம், விளையாட்டெல்லாம் உள்ளேயே.

நிண்டெண்டோ நிறுவனம் 2016இல் இப்படியொரு குட்டிப் பெட்டியை 30 பழைய விளையாட்டுகளோடு விட்டது. சீன, தாய்வான் நகல் பெட்டிகள் இதை எப்போதோ செய்துவிட்டன. அட்டையில் 9999 விளையாட்டு என்றிருக்கும். உள்ளே கொஞ்சம்தான், பெயரை மாற்றி மாற்றிச் சுற்றும். (அந்தப் புளுகு எனக்குப் பிடிக்கும்.)

நான் ரசிப்பது சிக்கனத்தை. 1985இல் வந்த சூப்பர் மரியோ விளையாட்டு மொத்தமும் 40 கிலோபைற். இன்றைய கைபேசிப் படம் ஒன்றுக்குள் அதுபோல் ஐம்பதை அடக்கலாம். இடம் மிச்சம்பிடிக்க, மேகத்துக்கும் பற்றைக்கும் ஒரே உருவம்: வெள்ளையடித்தால் மேகம், பச்சையடித்தால் பற்றை. தெரிந்த பிறகும் கண் ஏமாறுகிறது!

அந்தக் கால விளையாட்டுகளில் வாத்துச் சுடும் துவக்குத்தான் திரும்பி வரவில்லை. விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து நின்ற இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சத்தைத் துவக்கு பிடித்துக்கொள்ளும். பழைய குழாய்த் திரை அதை உடனே காட்டியது. தட்டை ரீவி ஒரு கணம் பிந்துகிறது, துவக்கு ஏமாந்துபோகிறது. நிண்டெண்டோவின் 30இலும் அந்த வாத்து இல்லை.